அச்சுவேலியில் நான் செய்த ஐந்து சத்தியங்கள்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வட்டுக்கோட்டையிலிருந்து அச்சுவேலிக்குச் சைக்கிளில் போய், "வாற வெள்ளிக்கிழமை பொம்பிளை பாக்க வரலாமோ?" என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவது.

ஒரு கேள்வி. ஒரு பதில். ஒரு கிளியைக் கூண்டோடு கொண்டுபோய் வைத்தாலும் முடிந்துவிடுகிற வேலை.

அக்காவிடம் கிளி இல்லை. நான்தான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், குடாநாட்டில் போர்க்காலம் அது. கரண்ட் இல்லை. ரெலிபோன் எப்போதோ செத்துப்போனது. தபால் வந்தால் வரும், வராவிட்டால் கொழும்பிலேயே இருக்கும். ஆகையால் யாரிடமாவது ஒன்று கேட்கவேண்டுமென்றால் ஆள்தான் நேரே போகவேண்டும். பெற்றோல் மருந்துபோலப் போத்தலில் விற்றபடியால், போகிற ஆள் மிதித்துத்தான் போகவேண்டும்.

மாப்பிள்ளை என் அக்காவின் மூத்த மகன் குமார். தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிறவன். ஒரு மெசினுக்குப் பெற்றோலை மணக்க மட்டும் கொடுத்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடவைப்பான். சுற்று வட்டாரத்துத் தோட்டக்காரர் எல்லாம் அவனுடைய வாசல் படலையில்தான் நிற்பார்கள்.

அவனில் ஒரு குறையும் இல்லை, சாதகத்தைத் தவிர. செவ்வாய்க் குற்றம். பெண்ணுக்கும் அதே குற்றம் இருந்தால்தான் பொருந்தும். ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டுப்பட்டுப் போய், அவனுக்கு முப்பத்துநாலு வயதாகிவிட்டது. இளையவனுக்கும் இதே குற்றம். அண்ணனுக்கு முடிந்தால்தான் தனக்கு என்று அவன் பின்னால் வரிசையில் நின்றான்.

எட்டாவது இடம்தான் அச்சுவேலி. பொருத்தம் பார்த்த சாத்திரியார், "இதை விட்டால் இன்னொரு பொருத்தம் சொல்ல நான் இருக்கமாட்டன்," என்றார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. அவர் சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை.

குமார் பெண்ணின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மெசினுக்குக் கீழே படுத்தான். படத்தின் ஒரு மூலையில் கிறீஸ் பட்டிருந்ததை நான் கண்டேன். காணாததுபோல இருந்துவிட்டேன்.

இனி என்னைப் பற்றி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பது வருடம் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுத்தேன். அந்த வேலையில் தராசுதான் கதைக்கும். பின்னால் நிற்கிறவன் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது நல்லாய்ப் பிடித்திருந்தது. புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும். கண் நிலத்துக்குப் போய்விடும்.

முதல் நாள் பின்னேரம் அக்கா சொன்னார்: "தம்பி, நீ நிலத்தைப் பாத்துக் கதைச்சால் ஆக்கள் உவர் எதையோ ஒளிக்கிறார் எண்டு நினைப்பினம். கொஞ்சம் நிமிந்து, உறுதியாக் கதை."

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. நான் உறுதியாகக் கதைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, இளைப்பாறிய போஸ்மாஸ்ரரிடம் போனேன்.

போஸ்மாஸ்ரர் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருப்பவர். சின்ன வயதில் வெள்ளைக்காரப் பாதிரிமாரின் கல்லூரி வளவுக்குள் படித்தவர். அவர் சாதாரணமாக ஒரு வசனம் சொல்லமாட்டார். "இண்டைக்கு வெயில்" என்று சொல்வதானாலும் முன்னுக்கொரு இங்கிலீசு, பின்னுக்கொரு இங்கிலீசு போட்டு, நடுவில்தான் வெயிலை வைப்பார். அந்த இங்கிலீசு எல்லாம் ஒரே கருத்துத்தான்: நான் சொல்வது உண்மை. ஒருமுறை தன் வளவுப் பூசணிக்காயைப் பற்றி அவர் கதைத்தபோது எண்ணிப் பார்த்தேன். காய் ஒன்று, சத்தியம் ஏழு.

ஆனால் ஊர் அவரை நம்பியது. அவர் மழை வரும் என்றால் பெண்கள் காயப்போட்ட மிளகாயை அள்ளுவார்கள். நான் மழை வரும் என்றால், "உங்களுக்கென்ன தெரியும்?" என்பார்கள், நனைந்துகொண்டே.

"நீங்கள் தமிழிலை சத்தியம் பண்ணக்கூடாது," என்றார் போஸ்மாஸ்ரர். "அம்மாளாணை எண்டு சந்தையிலை கத்தரிக்காய் விக்கிறவனும் சொல்லுறான். வீட்டை கொண்டுவந்து வெட்டினால் உள்ளுக்கை புழு. இங்கிலீசிலை சொல்லிப் பாருங்கோ. அதுக்கொரு பாரம் இருக்கு."

பாரம் என்றதும் நான் விழுந்துவிட்டேன். முப்பது வருடம் தராசு பிடித்தவன் அல்லவா.

அவர் ஐந்து தந்தார்.

"பிலீவ் மீ. என்னை நம்புங்கோ எண்டு அர்த்தம். தொடக்கத்துக்கு நல்லது. பிறகு ட்றூத் பி டோல்ட். உண்மையைச் சொல்லப்போனால் எண்டது. மார்க் மை வேர்ட்ஸ் எண்டால், நான் சொன்னதைக் குறிச்சு வையுங்கோ, பிறகு பாப்பியள். ஒன் மை வேர்ட் ஒஃப் ஒனர் எண்டது என்ரை மானத்தின்மேலை ஆணை. உதைக் கண்டபடி பாவிக்காதையுங்கோ."

"கடைசி?"

"குறொஸ் மை ஹார்ட். சொல்லேக்கை நெஞ்சிலை குறுக்காலை கை போடவேணும். இதுக்கு மேலை இங்கிலீசிலை சத்தியம் இல்லை. பிலீவ் மீ."

ஒரு உண்மையை நிமிர்த்தி வைக்க இத்தனை முட்டுக்கால் வைத்திருக்கிற பாஷை எவ்வளவு பெரிய பாஷை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயப்போகிற சுவருக்குத்தான் முட்டுக்கால் தேவை என்பது அப்போது என் மண்டையில் ஓடவில்லை.

மறுநாள் விடியப் புறப்பட்டேன். மானிப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர் என்று மிதிக்க மிதிக்க ஐந்தையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போனேன். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நின்ற ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "பாவம், வெயில்," என்றார்.

பெண்ணின் தகப்பன் வைத்திலிங்கம் புகையிலை வியாபாரி. புகையிலைச் சிப்பத்துக்குள் கையை விட்டு ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிற மனிதர். ஆட்களையும் அப்படித்தான் பார்ப்பார். குறைவாகக் கதைத்தார். எனக்கு அது பெரிய ஆறுதல்.

விறாந்தையில் கதிரை போட்டார். நான் நிமிர்ந்தேன். கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாள்," என்றார். "வாங்கோ. எத்தினை பேர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"ஆறு பேர்."

"சந்தோசம்."

முடிந்தது. கதிரை சூடாகவில்லை, வேலை முடிந்துவிட்டது. ஒரு இங்கிலீசுச் சொல்லும் தேவைப்படவில்லை. அந்த நிமிடத்தில் எழும்பியிருந்தால் என்னைப்போல ஒரு காரியக்காரன் குடாநாட்டிலேயே இல்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

தேத்தண்ணி வந்தது. சீனி இல்லாத காலம். கையில் ஒரு துண்டு பனங்கட்டி தந்தார்கள். ஒரு கடி கடித்திருப்பேன். வானத்தில் சத்தம்.

"பொம்மர். இறங்குங்கோ, இறங்குங்கோ," என்றார் வைத்திலிங்கம்.

வளவு மூலையில் பங்கர். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடேயே இறங்கினேன். வைத்திலிங்கம், அவருடைய மனைவி, அந்தக் கடைசி மூலை இருட்டில் மண்மூட்டையைப் பார்த்துத் திரும்பியபடி பெண். முறைப்படி வெள்ளிக்கிழமைதான் நாங்கள் பெண்ணைப் பார்க்கவேண்டும். ஆகவே நான் நிலத்தைப் பார்த்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் நாலு பேரும் முழங்கால் முட்ட இருந்தோம். ஒருவரும் கதைக்கவில்லை. எழும்பிப் போகவும் முடியாது. பேசத் தெரியாதவனுக்கு இந்த உலகத்தில் மிக ஆபத்தான இடம் அதுதான். பேச்சு நன்றாக வருகிறவர்களுக்குச் சும்மா இருக்கவும் தெரியும். எனக்கு இரண்டும் தெரியாது.

"பெடியன் நல்ல பெடியன்," என்றேன்.

"ஓமோம்," என்றார் வைத்திலிங்கம், வானத்தைக் கவனித்துக்கொண்டு.

அந்த 'ஓமோம்' எனக்கு நிறை குறைவாகப் பட்டது.

"பிலீவ் மீ," என்றேன்.

அவர் வானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆகா, வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

"குடி கிடி ஒண்டும் இல்லை. ட்றூத் பி டோல்ட், சோடாவும் பெரிசாக் குடியான்."

"நாங்கள் குடியைப் பற்றிக் கேக்கேல்லையே, அண்ணை."

"இல்லை, ஒரு உறுதிக்குச் சொன்னனான்."

"ம்."

நான் அளவில் சரியாக இருக்கவேண்டும் என்று நினைப்பவன். ஒரு பொருளை நிறுத்தால் முழுக்க நிறுக்கவேண்டும். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் அது கள்ளத் தராசு. ஆகவே குமாரின் வாழ்க்கையில் நடந்த ஒரேயொரு விபத்தையும் சேர்த்துவிட நினைத்தேன்.

"பத்து வயதிலை ஒருக்கால் மாமரத்தாலை விழுந்தவன். ஆனால் காலிலை ஒண்டும் இல்லை. ஒன் மை வேர்ட் ஒஃப் ஒனர்."

"விழுந்தவரோ?" என்றார் மனைவி. "தலை அடிபட்டதோ?"

"தலை நிலத்திலை படவே இல்லை."

மனைவி வைத்திலிங்கத்தின் முழங்காலில் இடித்தார். மண்மூட்டைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, மரத்தாலை விழுந்தாக்கள் எல்லாரும் கலியாணம் கட்டாமலே இருக்கினம்?"

"நீ சும்மா இரு," என்றார் வைத்திலிங்கம்.

அந்தக் குரல் எனக்குத் தெம்பு தந்தது. தந்திருக்கக் கூடாது.

மனைவி சமாளித்துக்கொண்டு, நல்ல முகத்தோடுதான் கேட்டார்: "முந்திக் கொழும்பிலை வேலை செய்தவரெண்டு கேள்விப்பட்டம். அங்கை என்ன..."

என்ன கம்பனி என்று கேட்க வந்திருக்கிறார். நான் பொறுக்கவில்லை.

"மூண்டு வருசம் இருந்தவன். அங்கை ஒரு பொம்பிளையும் இல்லை. மார்க் மை வேர்ட்ஸ்."

தூரத்தில் எங்கேயோ குண்டு விழுந்தது. தலையில் மண் கொட்டியது. ஆனால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறையை மறந்து பெண்ணும் திரும்பிவிட்டாள்.

நாலு போய்விட்டது. மிச்சம் ஒன்று. கையில் இருக்கிற கடைசிப் படிக்கல்லையும் தட்டில் போட்டுவிட்டால் தராசு நேராகிவிடும் என்று நம்பினேன்.

"நான் சொன்னதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை. குறொஸ் மை ஹார்ட்," என்று நெஞ்சில் குறுக்காலே கையைப் போட்டேன்.

மனைவி கணவனின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது. பங்கர் அவ்வளவு சின்னது.

"இவையள் வேதக்காரரோ, சிலுவை போடுகினம்? சைவமெண்டெல்லோ சொன்னவை."

விமானம் போய்விட்டது. வெளியே வந்தோம். தேத்தண்ணிக்குள் மண். வைத்திலிங்கம் படலைவரைக்கும் வந்து, மரியாதையாக என் சைக்கிளைப் பிடித்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமை...?" என்றேன்.

"அவசரப்படாதையுங்கோ அண்ணை. நாங்கள் அறிவிக்கிறம்."

எங்கள் பக்கத்தில் 'அறிவிக்கிறம்' என்றால் என்ன என்று விளங்காதவர் யாரும் இல்லை. அதைவிடப் படலையைச் சாத்தியிருக்கலாம்.

புத்தூர் தாண்டும்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. கலியாணம் விசாரிப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை இருக்கிறது. சொந்தக்காரன் புகழ்ந்தால் பாதியைக் கழிக்கவேண்டும். கேட்டதற்குச் சத்தியம் பண்ணினால் சந்தேகப்படவேண்டும். கேளாததற்குச் சத்தியம் பண்ணினால் சந்தேகமே தேவையில்லை, விசயம் உறுதி. என் மகளுக்கு வந்த ஒரு இடத்தை நானே அப்படித்தான் தட்டினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா, கேளாமலே, "பெடியனுக்கு வலிப்பு இல்லை," என்று கற்பூரம் கொளுத்த நெருப்புப்பெட்டி எடுத்தார்.

அந்தப் பெடியனுக்கு வலிப்பே இருந்திருக்காது என்று அன்றைக்குத்தான், புத்தூர் வெயிலில், எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். இங்கிலீசு ஐந்தையும்கூட. முடித்த பிறகு அக்கா சொன்னார்.

"ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வா எண்டு அனுப்பினன். நீ என்ரை பிள்ளைக்குக் குடி, நொண்டி, மண்டைப்பிழை, கொழும்பிலை ஒரு பெண்சாதி, அதோடை ஒரு மதமும் குடுத்திட்டு வந்திருக்கிறாய்."

எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரி.

"அக்கா, நான் சொன்னதெல்லாம் உண்மை."

"அதுதானே வயித்தெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பினம்."

குமார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்தான். "விடுங்கோ மாமா," என்றான். பிறகு, "கொழும்பு எப்பிடி மாமா வந்தது?" என்றான். பதிலுக்கு நிற்கவில்லை. பின்வளவுக்குப் போய் மெசின் ஒன்றைத் தட்டத் தொடங்கினான். தேவைக்கு அதிகமாகத் தட்டினான். சட்டைப்பையில் படம் இருக்கவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டானாக்கும்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அக்காவும் 'சாப்பிடு' என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் இரண்டு பேர் சைக்கிளில் ஊருக்குள் வந்தார்கள். கறவை மாடு வாங்க வந்ததாகச் சந்தித் தேநீர்க்கடையில் சொன்னார்களாம். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வேட்டி சால்வையோடு வந்து மாடு கேட்டால், அது கலியாண விசாரணை என்று மாட்டுக்கும் தெரியும். வைத்திலிங்கமும் அவருடைய மச்சானும்.

"வந்து விசாரிக்கினமெண்டால் இன்னும் முழுக்கக் கைவிடேல்லை," என்றார் அக்கா. "நீ வெளியாலை போகாதை. வாயைத் திறவாதை. மூச்சும் மெதுவா விடு."

நான் அக்காவின் வளவுக்குள், கிடுகு வேலி ஓரமாக இருந்தேன்.

அவர்கள் முதலில் சந்தித்தது யாரை? போஸ்மாஸ்ரரை. ஒழுங்கை முழுக்க அவருடைய குரல் கேட்டது.

"குமாரோ? ஜெம் ஒஃப் எ போய். பிலீவ் மீ. ஒன் மை வேர்ட் ஒஃப் ஒனர், அந்தப் பெடியனிலை ஒரு பிழையும் நான் காணேல்லை. மார்க் மை வேர்ட்ஸ்."

"ஊர் முழுக்க இதைத்தான் பாடமாக்கி வைச்சிருக்கினம் போலை," என்று மச்சான் மெதுவாகச் சொன்னதும் கேட்டது.

அக்கா தலையில் கையை வைத்தார். பிறகு சைக்கிள் இரண்டும் பக்கத்துப் படலையில் நின்ற சத்தம் கேட்டது. அக்கா நிலத்திலேயே இருந்துவிட்டார்.

"போச்சு. மணியிட்டைப் போகினம்."

மணியக்கா அக்காவின் பக்கத்து வளவு. இரண்டு வீட்டுக்கும் ஒன்பது வருடமாகக் கதை இல்லை. காரணம் நாங்கள் இருவரும் சாய்ந்துகொண்டிருந்த இதே வேலி. வருடாவருடம் வேலி அடைக்கும்போது கதியால் கம்பு நாலு விரல் இந்தப் பக்கம் வரும். அடுத்த வருடம் நாலு விரல் அந்தப் பக்கம் போகும். நேரே கதைப்பதில்லை என்றாலும் மணியக்கா தன் கோழியைப் பார்த்துத் திட்டுவார், அக்கா தன் ஆட்டைப் பார்த்துத் திட்டுவார். இரண்டு வாயில்லாச் சீவன்களும் ஒன்பது வருடமாக இரண்டு குடும்பத்துப் பாவத்தையும் சுமந்துகொண்டிருந்தன.

வைத்திலிங்கம் லேசுப்பட்ட ஆள் அல்ல. எந்த வேலி சண்டைக்கார வேலி என்று பார்த்த உடனே கண்டுபிடித்திருக்கிறார். சத்தியம் பண்ணுகிறவர்களிடம் கேட்டுக் களைத்து, சாபம் போடுகிறவரிடம் போயிருக்கிறார்.

"பக்கத்து வீட்டுப் பெடியன் எப்பிடி, தங்கச்சி?" என்றார்.

"ஆர், உந்தக் குமாரோ?" மணியக்காவின் குரல் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் காதுக்கே நேரே வந்தது. எங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "உவனைப் பற்றி என்னட்டைக் கேக்காதையுங்கோ. விடியப்பறம் எழும்பி டங்கு டங்கெண்டு மெசினைத் தட்டத் தொடங்கினால் பொழுதுபடும் மட்டும் ஓயான். மனிசர் கண்ணயர ஏலாது. மற்றப் பெடியள் போலை குடிச்சுப்போட்டுக் கிடந்தாலாவது ஊருக்கு ஒரு நிம்மதி. கலியாண வீட்டுக்குப் போனாலும் மோர்த் தண்ணிதான் குடிப்பான். சீ, அவனும் ஒரு ஆம்பிளையே?"

"மாமரத்தாலை ஒருக்கால் விழுந்தவராம்?"

"எங்கடை மாமரம். திருடித் தின்ன ஏறி விழுந்தவன். விழுந்த உடனை எழும்பி ஓடின ஓட்டத்துக்கு எங்கடை நாயாலையும் பிடிக்க ஏலேல்லை. அண்டைக்கு அந்தக் கால் முறிஞ்சிருந்தால் எனக்குப் பத்து மாங்காய் மிஞ்சியிருக்கும்."

"தலையிலை ஏதும்..."

"தலையோ? போன மாசம் என்ரை மெசின் நிண்டுபோச்சு. ஊரிலை ஒருத்தராலும் ஏலேல்லை. கடைசியிலை அவன் வேலியாலை எட்டிப் பாத்து, சத்தத்தைக் கேட்டே, 'வால்விலை மண்' எண்டான். மண்தான். ஒரு சதமும் வாங்கேல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். சண்டைக்காரியெண்டால் வாங்கவேணுமெல்லோ? பெரிய தருமதுரை."

மச்சான் இருமினார். சிரிப்பை அடக்கினார்போல.

"கொழும்பிலை இருந்தவராமே?"

"மூண்டு வருசம் இருந்தவன். லீவு கிடைச்சால் போதும், ரெயினேறி வந்து தாயின்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். ஒரு பெட்டையை நிமிந்து பாக்கத் தெரியாது. ஊமைப் பிறவி. அந்தத் தாய்மாமனைப்போலை, நிலத்தைத்தான் பாப்பான்."

நான் அந்த நேரத்தில் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோயில் குளம்?"

"அதை ஏன் கேக்கிறியள். வெள்ளி தவறாமல் விடியத் திருநீறும் பூசிக்கொண்டு தேவாரம். சுருதி கிடையாது. அதுவும் எங்கடை பக்கமாத் திரும்பி நிண்டுதான் படிப்பான். சிவபெருமானே பாதியிலை எழும்பிப் போயிருப்பார்."

குடி, கால், தலை, கொழும்பு, மதம். நான் கொடுத்த ஐந்தையும் ஒன்றும் மிச்சம் விடாமல் மணியக்கா திருப்பி எடுத்துக்கொடுத்தார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இவ்வளவுக்குள் ஒரு ஆணை இல்லை, ஒரு சத்தியம் இல்லை, நம்புங்கோ என்று ஒரு சொல் இல்லை.

அக்கா வேலியோரம் இருந்தபடியே அழுதார். ஒன்பது வருடத்தில் மணியக்கா அவரைப் பலமுறை அழவைத்திருக்கிறார். ஆனால் இது வேறு அழுகை.

சற்று நேரத்தில் எங்கள் படலை திறந்தது. வைத்திலிங்கம். மாட்டுக் கதையை அவர் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் அக்காவிடம். "ஆறு பேர் எண்டு அண்ணை சொன்னவர். ஆறு பேரும் வாங்கோ."

பின்வளவில் மெசின் தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது.

பிறகு அவர் என்னிடம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் அண்டைக்குச் சொன்னதெல்லாம் உண்மைதானே?"

"ஓம்," என்றேன். அந்தச் சம்பந்தம் முழுவதிலும் நான் அளவாகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

"நீங்களும் கட்டாயம் வாங்கோ," என்றார். "ஆனால் பொம்மர் வந்தால் மட்டும் அடுத்த வீட்டுப் பங்கருக்குப் போங்கோ."

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை, நல்லகாலம். நான் ஒரு மூலையில் இருந்து பனங்கட்டி கடித்தேன். வாயில் எதையாவது வைத்திரு என்பது அக்காவின் கட்டளை. பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னிடம் வந்தபோது, "மாமா, இண்டைக்கு மண் இல்லை," என்றாள்.

தையில் கலியாணம். மணியக்காவுக்கு அக்கா நேரில் போய்ச் சொல்லவில்லை. ஆட்டைப் பார்த்துச் சொன்னார். மணியக்கா வந்தார். முன்வரிசையில் இருந்தார். பாயாசத்தில் உப்பு என்றார். உப்புத்தான் இருந்தது. எல்லாரும் உடனே நம்பினார்கள்.

கலியாணம் முடிந்து இரண்டு கிழமையில் ஊருக்குப் பொறுப்பான விதானையார் அளவு நாடாவோடு வந்தார். இனி இரண்டு வீடும் நல்லபடி இருக்கட்டும், அந்த வேலிக் கணக்கை அளந்து தீர்த்து வைக்கிறேன் என்றார்.

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இளையவனுக்கு இனித்தான் பெண் பார்க்கவேண்டும். அவனுக்கும் செவ்வாய்க் குற்றம்.